என் வூட்டு ஓட்டு

எங்கள் குப்பத்தில் ஓட்டு என்பது ஆண்பிள்ளைகள் பேசி முடித்து, பெண்பிள்ளைகள் போய்ப் போட்டுவிட்டு வருகிற சமாச்சாரம். கல்யாணமும் அப்படித்தான். மாப்பிள்ளை யார் என்று அவர்களே கூடிப் பேசுவார்கள், அவர்களே வெற்றிலை மாற்றுவார்கள், கடைசியில் நம்மைப் பிடித்து மணையில் உட்கார வைப்பார்கள். கல்யாணத்திலாவது ஒரு புடவை கிடைக்கும். ஓட்டுக்கு விரலில் ஒரு சொட்டு மைதான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரே சொல்லும், நானும் இல்லை என்று சொன்னதில்லை. கூடை சுமந்து விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் மீன் கூடையிலேயே நாறிப்போகும். கல்பாக்கத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஓடைமேட்டுக்குப்பம் எங்கள் ஊர். விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, கூடையில் அடுக்கி, பஸ் பிடித்துக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்குப் போய் வீடு வீடாக விற்பேன். என் வீட்டுக்காரர் காத்தவராயன் கடலுக்குப் போகிறவர். நான் பேசுவதில் கால்வாசிகூடப் பேசமாட்டார். வலை நிறைய மீன் வந்தாலும் வெறும் வலை வந்தாலும் ஒரே முகம்தான். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கோபம் வரும், அப்புறம் அந்த முகத்தைப் பார்த்தே கோபம் போகும்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு முறை உண்டு. எந்தத் தேர்தல் வந்தாலும் ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னால் கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். ஊர் என்றால் வரி கட்டுகிற ஆண்பிள்ளைகள். பெண்ணுக்கு வரி கிடையாது, அதனால் கூட்டத்தில் இடமும் கிடையாது. எந்தச் சின்னம் என்று பேசி முடிவானதும் தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரனும் முன்னால் வந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "என் வூட்டு ஓட்டு ஊரு ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்கப்புறம் மாறினான் என்றால் அவனை ஊர் தள்ளி வைக்கும். அவன் படகைக் கடலில் இறக்க யாரும் தோள் கொடுக்கமாட்டார்கள். அவன் மீனை யாரும் ஏலம் கேட்கமாட்டார்கள். அவன் வீட்டில் சாவே விழுந்தாலும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

ஊர் தள்ளி வைப்பதையாவது தாங்கிக்கொள்ளலாம். கற்பூரம் அடித்துப் பொய் சொன்னவனைக் கடல் திருப்பித் தராது என்பது எங்கள் நம்பிக்கை. என் சின்ன வயதில் ஒருவர் அப்படிப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அவர் சம்சாரம் மணலில் புரண்டு அழுததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நித்தம் கடலுக்குள் போய்வருகிற புருஷன் இருந்தால் அவர்களும் சிரிக்கமாட்டார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் டில்லிக்கு நடந்த தேர்தலில் ஒரு கட்சிக்காரர் வந்து கோயிலுக்கு மதில் கட்டித் தருகிறேன் என்றார். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் சடையப்பன் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற மனிதர், நல்லவர், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். "ஓடைமேட்டுல ஒரு ஓட்டு வெளிய போவாது" என்று அந்தக் கட்சிக்காரரிடம் கையடித்துச் சொல்லிவிட்டார்.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்ட, என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் பெண்கள் வலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மனுக்கு மதிலு வேணான்னு சொல்லல. போன தபாவும் மதிலுன்னு சொல்லிகினுதான் ஓட்டு வாங்கினாங்கோ. அந்த மதிலு எங்க கீது?"

சிலர் சிரித்தார்கள். சடையப்பன் அண்ணனுக்கு முகம் சிவந்தது. "மச்சான், ஊரு முடிவு பண்ணா பண்ணதுதான். உனுக்கு மட்டும் தனி ஊரா?" என்றார். என் வீட்டுக்காரர் வரிசையில் போய் நின்று கற்பூரத்தை அடித்தார். "என் வூட்டு ஓட்டு ஊரு ஓட்டு" என்று மற்றவர்களைப் போலவே சொன்னார். ஆனால் அந்த ஒரு கேள்வி ஊர் மனதில் ஒட்டிக்கொண்டது.

என் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது வேறு. அந்தத் தேர்தலில் சகுந்தலா என்று ஒருத்தி சுயேச்சையாக நின்றாள். மகாபலிபுரம் பக்கம், என்னைப் போலவே மீன் விற்கிறவள். அவளுக்குக் கொடுத்த சின்னம் கூடை.

அவளை எனக்கு எப்படித் தெரியும் என்றால், பஸ்ஸால் தெரியும். மீன் கூடையோடு ஏறினால் கண்டக்டர்களுக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வதே வேலை. "இன்னா நாத்தம், எறங்கு, அடுத்த பஸ்ல வா" என்பார்கள். அடுத்த பஸ்காரன் அதற்கடுத்த பஸ்ஸைக் காட்டுவான். வெயில் ஏற ஏற மீன் கெடும், விலை போகாது. ஒரு நாள் முழுகாமல் இருந்த ஒரு பெண்ணைப் பாதி வழியில் கூடையோடு இறக்கிவிட்டார்கள். அன்றைக்குத்தான் சகுந்தலா பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஹாரனுக்கும் நகரவில்லை, போலீஸுக்கும் நகரவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலம் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். அவள் ஓட்டுக் கேட்க எங்கள் ஊருக்கு வந்தபோது ஆண்பிள்ளைகள் சீட்டாடிக்கொண்டே கேட்டார்கள். "நா ஜெயிக்கமாட்டேன்னு எனுக்கே தெரியும்க்கா. நம்ப கூடைக்கு எத்தினி பேரு கீறாங்கன்னு அவங்க எண்ணிப் பாக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

இருந்தாலும் கற்பூரம் கற்பூரம்தானே. ஊர் சொன்ன சின்னத்தில் குத்திவிட்டு வருவதாகத்தான் இருந்தேன். என் மனதைக் கலைத்தது சங்கரிம்மா வீட்டு வராந்தா.

சங்கரிம்மா குவார்ட்டர்ஸில் எனக்கு நாள்பட்ட வாடிக்கை. திருநெல்வேலிக்காரர்கள். அவர்கள் வீட்டுக்காரர் சம்பத் சாருக்கு அணுமின் நிலையத்தில் உத்தியோகம். அவருக்கு உலகச் செய்தி கேட்காமல் இட்லி இறங்காது. அவர் கேட்டதையெல்லாம் நான் மீன் ஆயும்போது அந்தம்மா எனக்குச் சொல்லுவார்கள்.

"இந்த வருஷம் உலகம் பூரா ஓட்டுதான் ஜெகதா. இலங்கையில போட்டாச்சு. இந்தோனேசியாவுல போட்டாச்சு. தென்னாப்பிரிக்காவுலயும் முடிஞ்சுது. பிலிப்பைன்ஸுன்னு ஒரு தேசம் இருக்கு, முழுக்கத் தீவு, உங்களை மாதிரி கடல்காரங்க. நாம போடுற அன்னைக்கேதான் அவங்களும் போடுறாங்களாம்."

"நம்ப போடற அன்னிக்கேவா" என்றேன். ஏனோ அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அங்கேயும் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய் வரிசையில் நிற்பாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் சைப்ரஸ் என்று ஒரு தீவைப் பற்றிச் சொன்னார்கள். ரொம்ப காலமாக இரண்டாகப் பிரிந்து கிடக்கிறதாம். அங்கே நடந்தது கட்சித் தேர்தல்கூட இல்லையாம், ஜனங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம். சேர்ந்து ஒரே நாடாக இருக்கலாமா, வேண்டாமா. ஒரு பக்கத்தார் வேணும் என்றும், மறு பக்கத்தார் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம்.

"பொம்பளைங்களையுமா கேட்டாங்கோ?" என்றேன்.

"எல்லாரையும்தான்."

"புருஷங்காரன் வேணும்னு சொல்லி, பொண்டாட்டி வேணான்னு சொன்னா?"

சங்கரிம்மா சிரித்துவிட்டார்கள். "அது ரெண்டு ஓட்டு ஜெகதா. அவரு ஓட்டு ஒண்ணு, அவ ஓட்டு ஒண்ணு."

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கும் தெரியும். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற சாமானைத் தேடுகிற மாதிரி, தெரிந்தும் தெரியாமல் இருந்திருக்கிறேன். அந்தம்மா சொன்ன பிறகு பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஓட்டு நாளன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் புது மெஷின் வைத்திருந்தார்கள். அட்டை மறைப்புக்குள் போனேன். ஊர்ச் சின்னம் மேலே இருந்தது. கூடை அடியில், கடைசிக்கு முந்தினது. என் கை மேலேதான் போனது, சத்தியமாகச் சொல்கிறேன். கீழே பார்த்தேன். தம்மாத்துண்டு கூடைப் படம். முப்பது வருஷமாக என் தலைமேல் இருக்கிற கூடை. ஊர்ச் சின்னத்தைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இந்தக் கூடைக்காக ஒருத்தி ரோட்டில் உட்கார்ந்தாள். அமுக்கிவிட்டேன். மெஷின் நீளமாகக் கத்தியது. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது என்று பயந்துபோனேன்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் நின்றார். "போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. யாருக்குத் தெரியப்போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பழைய சீட்டு ஓட்டுக் காலத்தில் எல்லா ஊர்ச் சீட்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ணுவார்கள். சமுத்திரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எவன் பிரித்துப் பார்ப்பான். இப்போதும் அப்படித்தான் என்று நினைத்தேன். நான் மட்டுமா, எங்கள் ஊரே அப்படித்தான் நினைத்தது.

மறுநாளே சங்கரிம்மா அந்த நினைப்பில் மண்ணைப் போட்டார்கள். நான் என்ன செய்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது, சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்கள். "மெஷின் வந்தது சுலபமாப் போச்சு. கலக்கிற வேலையெல்லாம் கிடையாது. ஒவ்வொரு பூத்து மெஷினையும் தனித்தனியாத் திறந்து, இந்த ஊருல இவருக்கு இத்தனைன்னு படிச்சிடுவாங்க."

கையில் இருந்த வஞ்சிரத்தை அப்படியே வைத்துவிட்டேன். அன்றைக்கு எத்தனை துண்டு போட்டேன், யாருக்குக் கொடுத்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. எங்கள் பூத்தில் கூடைக்கு ஒன்று என்று படிப்பான். அந்த ஒன்று யார் என்று ஊர் தேடும். தேடினால் முதலில் யார் வீட்டுக்கு வரும் என்று எனக்கா தெரியாது? மதில் எங்கே என்று கேட்ட மனுஷன் வீட்டுக்குத்தான் வரும்.

அதுவும் எப்படிப்பட்ட நேரம். என் மகள் தேவிப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள், நிறைமாதம். ஊர் தள்ளி வைத்தால் வலி கண்டபோது கூப்பிட்ட குரலுக்கு ஒருத்தி வரமாட்டாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கக்கூட ஆள் கிடைக்காது. நான் என்ன பெரிய புரட்சி பண்ணிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வாயைத் திறந்து திட்டவும் முடியவில்லை, அதுதான் கொடுமை.

செங்கல்பட்டில் எண்ணினார்கள். எங்கள் ஊரிலிருந்து அந்தக் கட்சிக்கு ஏஜெண்டாகப் போனவன் சடையப்பன் அண்ணனின் மகன் வசந்த். மத்தியானம் அவன் திரும்பி வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தெருவில் நின்றே கத்திவிட்டுப் போனான்.

"நம்ப பூத்துல கூடைக்கு முப்பத்திச் சொச்சம் ஓட்டு வுழுந்துகீது. அங்க அத்தினி கட்சிக்காரன் முன்னாடி மைக்குல படிச்சானுங்கோ. எங்க நைனா மானம் கப்பலேறிப் போச்சு."

முப்பதா. சோற்றில் வைத்த கையோடு உட்கார்ந்திருந்தேன். நான் ஒன்றுதானே போட்டேன். மீதியை யார் போட்டார்கள்? மறுநாள் காலை கரையில் மீன் எடுக்கும்போது ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தேன். எல்லோரும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகக் கரையில் எங்கள் சத்தத்தில் காக்காய்கூட உட்காராது. அன்றைக்கு ஒருத்தி வாயிலும் பேச்சில்லை. அப்போது எனக்கு லேசாகப் புரிந்தது. ஆனால் கேட்க தைரியம் வரவில்லை, அவர்களுக்கும் சொல்ல தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. பெண்களை யாரும் கூப்பிடவில்லை, வலைக் கொட்டகைக்குப் பின்னால் நாங்களே வந்து நின்றோம். அண்ணன் சம்சாரம் சந்திரம்மாவும் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

சடையப்பன் அண்ணன் துண்டை மடியில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவரே பேச்சைத் தொடங்கினார்: "கற்பூரம் அடிச்சிட்டு மாத்திப் போட்டவன் எழுந்து சொல்லிடட்டும். நா தெண்டம் கம்மி பண்றேன். என்னால அந்தக் கட்சிக்காரரு மூஞ்சில முழிக்க முடியல."

யாரும் எழவில்லை. வசந்த்தான் எழுந்தான். "இதுல தேட்றதுக்கு இன்னா கீது? அன்னிக்கு மதிலு எங்கன்னு கேட்டது யாரு? காத்தவராயன் மாமாதான் ஆள் சேத்து மாத்திகீறாரு."

"நா யாரையும் சேக்கல. ஊரு சொன்னதுக்குத்தான் போட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். உட்கார்ந்த இடத்திலிருந்தே, எப்போதும் பேசுகிற குரலில் சொன்னார்.

"அப்போ கற்பூரம் அடி மாமா. உன் வூட்டு ஓட்டு எதுவும் வெளிய போவலன்னு சொல்லு. தேவிப்பிரியா வயித்துப் புள்ள மேல அடி."

என் வீட்டுக்காரர் எழுந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"புள்ளைய இதுல இழுக்காத வசந்து. என் தலமேல அடிக்கிறேன், போதுமா?"

சடையப்பன் அண்ணன் மகனை அதட்டி உட்கார வைத்தார். "அவரு தலமேலயே அடிக்கட்டும்" என்றார். பூசாரி தட்டை எடுத்து வந்து ஒரு கட்டி கற்பூரம் வைத்து ஏற்றினார். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார். "என் வூட்டு ஓட்டு எதுவும் வெளிய போவல" என்று சொல்லி அடிக்க வேண்டும். இந்த மனுஷன் நாளைக்கு விடியலில் கடலுக்குப் போகிறவர். அவர் கை லேசாக நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். சந்திரம்மா என் புடவையைப் பிடித்தது தெரிந்தது, உதறிவிட்டேன். பெண்கள் மிதிக்கக் கூடாத அந்த மண்ணில் ஓடினேன். யாரோ "ஏய், ஏய்" என்றார்கள். அவர் கை இறங்குவதற்குள் என் கையை ஓங்கி அந்தக் கற்பூரத்தின் மேல் அடித்தேன். சுரீர் என்றது.

"நாந்தான் கூடைக்குப் போட்டேன்" என்றேன். "அந்தாளுக்குத் தெரியாது. ஆத்தா மேல சத்தியம்."

பூசாரி தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சடையப்பன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "ஜெகதா, நீயாம்மா? என் தங்கச்சியா என் மூக்கறுத்த?"

"உன் மூக்க நா எதுக்கு அறுக்கப் போறேன் அண்ணாத்த? என்ன நீ கேட்டியா? இந்த மண்ணுல நிக்கவே வுடமாட்டீங்கோ, கற்பூரம் மட்டும் எனுக்கும் சேத்து அடிச்சிப்பீங்களா? வெயில்ல கூடையத் தூக்கிகினு பஸ்ஸு பஸ்ஸா கெஞ்சறது நானு. உங்க எல்லாரு மீனையும் வித்துக் குடுக்கறது நாங்கோ. எங்களுக்கு இன்னா வேணும்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?" மூச்சு வாங்கியது. "ஒண்ணு என்னுது. மீதி முப்பது யாருதுன்னு உங்க உங்க வூட்ல போய்க் கேட்டுக்குங்க."

நான் சொல்லி முடித்ததும் ஆண்பிள்ளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வலைக் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். பெண்கள் யாரும் தலையைக் குனியவில்லை. யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றார்கள்.

வசந்த் விடவில்லை. "யாரு போட்டா இன்னா, அவுங்க வூட்டு ஓட்டு வெளிய போச்சா இல்லியா? மாமா அடிச்ச சத்தியம் பொய்யாச்சா இல்லியா? தெண்டம் போடு நைனா, தள்ளி வை."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வசந்து சொல்றது ஞாயம்தான். அன்னிக்கு நா அடிச்சது தப்பு சத்தியம். என் ஓட்டுன்னு சொல்லிருக்கணும், என் வூட்டு ஓட்டுன்னு சொல்லிட்டேன். அவ ஓட்டு இன்னா என் சொக்காப் பையிலயா கீது? என்னுது இல்லாதத என்னுதுன்னு அம்மன் முன்னால சொன்னது குத்தம்தான். தெண்டம் போடுங்கோ, கட்றேன். தள்ளி வைங்கோ, ஒதுங்கறேன். ஆனா எனுக்குப் போட்டா, வூட்டு ஓட்டுன்னு சொல்லி அடிச்ச அத்தினி பேருக்கும் போடணும். அதுதான் மொற."

அத்தனை பேரும் அடித்தவர்கள்தானே. தெண்டம் போட வேண்டியவரும் அடித்தவர்தான். சடையப்பன் அண்ணன் மெதுவாகத் திரும்பி வலைக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். சந்திரம்மா அவரை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூசாரி இன்னொரு கட்டி கற்பூரம் எடுக்கவா என்று கேட்டார். "ஒண்ணியும் வேணாம், எடுத்துகினு போ" என்றார் அண்ணன்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, கையில எண்ண தடவு, கொப்புளிச்சிக்கப் போவுது" என்றார். கூட்டத்தைக் கலையச் சொல்லிவிட்டு, அந்தக் கட்சிக்காரருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் ஆளாக எழுந்து வீட்டுக்குப் போனார். வசந்த் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். தள்ளி வைப்பதைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தேவிப்பிரியா என் கையைப் பார்த்துப் பதறினாள். அவளை உள்ளே படுக்கச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். உள்ளங்கை எரிந்தது. என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து எதிரில் குந்தினார். என் கையை எடுத்துத் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

"எங்கையில ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் கூடைக்கே போட்டிருப்பேனே" என்றார்.

"அதுக்குத்தான் சொல்லல. நீ கற்பூரம் அடிச்சவன். எனுக்கோசரம் நீ மாத்திப் போட்டா உன் சத்தியம் இன்னா ஆவறது? கடலுக்குப் போறவன் நீயா நானா? உனுக்கு ஒண்ணியும் தெரியாம இருந்தா உம்மேல குத்தம் வராதுன்னுதான் வாய மூடிகினு இருந்தேன்."

அவர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தடவினார். அப்புறம் தலை நிமிராமல் சொன்னார்.

"எனுக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"வசந்து வந்து கத்தினப்பவே தெரியும். சோத்துல கைய வெச்சிகினு அப்படியே உக்காந்துட்ட. உன் மூஞ்சிய எனுக்குத் தெரியாதா?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது. தெரிந்தேதான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போயிருக்கிறார். பொய் என்று தெரிந்தே அந்தத் தீயின் மேல் கையை நீட்டியிருக்கிறார். பிள்ளை மேல் அடிக்கமாட்டேன் என்று சொன்னதற்கும், அந்தக் கை நடுங்கியதற்கும் அதுதான் காரணம்.

"தெரிஞ்சா போய் கைய நீட்டின? கடல்ல போனா திரும்பி வரமாட்டன்னு தெரியாதா உனுக்கு?"

"தெரியும். உன்ன தள்ளி வெச்சா பிரசவத்துக்கு வந்த கொழந்தைய யாரு பாப்பா?" என்றார். "அத்தோட, நீ போட்டது ஒண்ணும் தப்பில்லியே."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அறிவிருக்கிறதா, மூளையைக் கடலில் போட்டுவிட்டு வந்தாயா, நீ போய்விட்டால் நான் மட்டும் யாருக்குக் கூடை தூக்குவேன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். அவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே எண்ணெய் தடவினார்.